விருந்தாளிக்கு மட்டும் திறந்த கதவு

பினாயில் வாசம் எங்கே அடித்தாலும் எனக்குப் பூட்டிய ஒரு தகரக் கதவு நினைவுக்கு வரும். பெருந்துறைக்குத் தெற்கே, எங்கள் தோட்டத்து வீட்டில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி நின்ற கக்கூஸின் கதவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என் கல்யாணத்துக்கென்று அப்பா கட்டியது. மாப்பிள்ளை வீட்டார் பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருப்பவர்கள். அவர்களை ஒதுங்க இட்டேரி வேலி மறைவுக்கு அனுப்ப முடியுமா? பத்தடிக் குழி, வெள்ளைப் பீங்கான், கதவு. கதவுக்கு ஒரு பூட்டு.

கல்யாணம் முடிந்தது. பூட்டு தங்கிவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் போகிற நாளில் திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். உள்ளே ஓரமாக விதைக் கடலைக்காய் மூட்டை. பினாயிலும் கடலைக்காயும் கலந்த அந்த இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான், பிறந்த வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிட்டது தெரிந்தது. சாவி என் கைக்கு வந்தது. அம்மாவின் கைக்கு வந்ததே இல்லை.

அம்மா விடியுமுன்னும் பொழுது இறங்கியும் இட்டேரிக்குத்தான் போனாள். இருபுறமும் கிளுவை வேலி அடர்ந்த வண்டித்தடம், ஊர்ப் பெண்களின் ஒரே மறைவு. கல்யாணமான இரண்டாம் வருடம் நான் போனபோது ஒருபக்க வேலியை வெட்டிச் சாய்த்து வீட்டு சைட் போட்டிருந்தார்கள். மஞ்சள் பூசிய கற்கள், அவற்றுக்கு அப்பால் தார் ரோடு. மில் பஸ் வெளிச்சம் விழும்போது பெண்கள் எழுந்து நிற்பார்கள். போனதும் உட்கார்வார்கள். அடுத்த பஸ். மறுபடி எழுவார்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. மூன்றாவது முறை. பெருந்துறையில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"தண்ணி நல்லா குடிக்கறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"மத்தியானத்துக்கு மேல குடிக்கறதில்லீங்க."

"ஏனுங்க?"

"குடிச்சா எங்க போறதுங்க?"

 இப்படியே விட்டால் கிட்னி தாங்காது என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கப்பா, அம்மாளும் கக்கூஸ்லயே போனா என்னங்க?"

"ஊட்டு ஆளெல்லாம் போனா குழி ரொம்பிப்போகுமல்ல."

"ரொம்பட்டுமுங்க."

"ரொம்புனா ஆரு அள்றது?"

அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காது அவருக்கு. ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. அது ஊருக்கு வெளியே வேறொரு தெருவில் குடியிருந்தது. செத்த மாட்டை இழுக்கக் கூப்பிட்ட குரலுக்கு அங்கிருந்து வந்தார்கள் ஒரு காலத்தில். அவர்கள் பிள்ளைகள் இப்போது மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். கூப்பிட்டால் வரமாட்டார்கள். எதற்கு வர வேண்டும்? அதுவும் அப்பாவுக்குத் தெரியும். வேறு கை ஒன்று இருக்கலாம் என்பது மட்டும் தோன்றவில்லை. ஆகவே குழியைச் சேமித்துவைத்தார், விதையைப் போல.

"நான் வந்து அள்றேனுங்க" என்றேன்.

அரிவாள் பாதியில் நின்றது. "என்ன பேச்சு பேசற அம்மணி? ஆராச்சும் கேட்டா என்ன நெனப்பாங்க?"

"நம்மூட்டுதுதானுங்களேப்பா."

அவர் முகம் போன போக்கை இன்றும் பார்க்க முடிகிறது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது எனக்கு. அரிவாளைப் போட்டுவிட்டு எழுந்தார். கடப்பாரையால் குழியின் மூடியை நெம்பி, நீளமான மூங்கிலை உள்ளே விட்டார். என் கல்யாணக் கூட்டமே போன குழி. மூங்கில் நுனியில் ஒரு சாண் ஈரம்கூட இல்லை.

"பாதி ரொம்பியிருக்கும்னு நெனச்சேன்" என்றார், மூங்கிலிடம்.

பிறகு கக்கூஸுக்குள்ளிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிவைத்தார். பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

இப்போது அம்மா முரண்டு பிடித்தாள். "அடுப்பு எரியற ஊட்டுக்குப் பக்கத்துலயா? இட்டேரின்னா நாலு பேருகூடப் பேசிட்டாச்சும் போலாம். இதென்னடி, பீரோவுக்குள்ள போயி உக்கார்ற மாதிரி!"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பூட்டில்லாத கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் பஸ் ஏற்றிவிட வந்தாள்.   பஸ் உறுமியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"பொறப்படறப்ப ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் வந்தேன் கண்ணு. நீ போயிட்டு வா."