உடும்பின் இரண்டு விரல்கள்

மூக்கு மயிர் உறைகிற தை மாதக் காலைகளில் இரண்டு பஸ் மாறி, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் ரெக்ஸ்டேலுக்கு வேலைக்குப் போவேன். கடையின் முன் கண்ணாடிக்கு அப்பால், கதவு திறக்கும்வரை நானும், பஸ்ஸுக்கு நிற்கும் இன்னும் பத்துப் பேரும் குளிரில் காலை உதறிக்கொண்டு நிற்க, உள்ளே ஓர் உடும்பு எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் கண்மூடிக் கிடக்கும். அதன் முதுகுக்கு மேலே ஒரு பெரிய பல்ப் எரியும். ஆபிரிக்கப் புல்வெளியில் வாழும் சாதி. அதற்கு டியூக் என்று பெயர். ஊரில் மனித வாடை பட்டாலே பற்றைக்குள் பாய்கிற பிராணி, இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலையை நிமிர்த்திப் பார்த்தது.

அது வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடை. கூடுகளைக் கழுவி நிலம் துடைப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் நான் பன்னிரண்டு வருடம் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக இருந்தவன். முதலாளி றொன் அதை ஒருநாளும் கேட்கவில்லை. சேர்ந்த முதல் கிழமை அவன் போனில், "இஸ் ஹி இன் ஷெட்?" என்று கேட்டான். ஷெட் என்றால் எனக்குக் கொட்டில்தான் தெரியும். "நோ சேர், ஹி இஸ் இன் த கேஜ்" என்றேன். டியூக் தோல் கழற்றுகிறதா என்பதுதான் கேள்வி. அந்தப் பதிலை அவன் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தான். என்னை வைத்துக்கொண்டே சொன்னான்.

பாம்பைப் போல உடும்பு முழுச் சட்டையாகத் தோலைக் கழற்றாது. துண்டு துண்டாக உரியும். முதுகும் வயிறும் உரிந்த பிறகும் டியூக்கின் முன்கால் விரல்களில் பழைய தோல் மோதிரம் போல இறுகிக் கிடந்தது. வால் நுனியிலும் ஒரு வளையம். கடை ஹீற்றரும் பல்ப்பும் சேர்ந்து காற்றைக் காயவைத்துவிட்டன. தண்ணீர் என்று இருந்தது குடிக்க ஒரு சின்னக் கிண்ணம் மட்டும். ஊரில் ஒருமுறை ஷெல்லடிக்குப் பயந்து ஓடிய குடும்பமொன்று நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து ஒரு கன்றைக் கொண்டுவந்தது. காலில் சுற்றிய கயிறு இறுகித் தசைக்குள் போயிருந்தது. குளம்பு சில்லிட்டுவிட்டது. டியூக்கின் விரலைத் தொட்டபோது எனக்கு அந்தக் கன்றின் கால்தான் நினைவுக்கு வந்தது.

றொன்னிடம் சொன்னேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட வேண்டும், ஈரப்பாசி போட்டு ஒரு பெட்டி வைக்க வேண்டும், காய்ந்த தோலை இழுக்கவே கூடாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான். "இது வறண்ட நிலத்துப் பிராணி. தண்ணீர் கெடுத்துவிடும். நீ நிலத்தை மட்டும் துடை" என்றான்.

அடுத்த நாள் அவனே குறடு ஒன்றை எடுத்து விரல் தோலை இழுத்தான். இரத்தம் வந்தது. இரண்டு நாளில் விரல் வீங்கிக் கறுத்தது. டியூக்கை வாங்குவதற்குச் சொல்லி வைத்திருந்த ஓர் ஆசிரியை அன்று பார்க்க வந்தாள். "விரலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். றொன் தயங்கவே இல்லை. என்னைக் கை காட்டினான். "இவன் பிய்த்துவிட்டான். இவர்களுடைய ஊரில் இதைச் சாப்பிடுவார்கள், தெரியுமா?" அவள் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் என் ஜாக்கெற்றை எடுத்துக் கையில் தந்து வெளியே விட்டான்.

வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உடும்பு வேண்டாம், கையை விட்டால் காணும் எண்டு விட்டிடுங்கோ. வேற வேலை கிடைக்கும்."

"விடமாட்டன்."

"என்ன செய்யப் போறியள்?"

"அவன்ரை கடையை மூடப் பண்ணுவன்."

மிருகங்களை வதைப்பவர்களைப் பற்றி முறையிட இந்த நாட்டில் ஓர் இலக்கம் உண்டு. கடையில் கிடந்த ஒரு துண்டுப் பிரசுரத்தில் பார்த்து எழுதி வைத்திருந்தேன். அன்றே எடுத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை. ஒரு விரல் வீங்கியதற்கு எச்சரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். எனக்கு எச்சரிக்கை போதாது. அவன் அழிய வேண்டும். பகலில் பஸ் பிடித்துப் போய் எதிரே இருந்த டோனட் கடையில் கோப்பியோடு உட்காருவேன். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்ப்பேன். இரண்டாவது விரல் கறுத்தது. வால் நுனி கறுத்தது. டியூக் வலது காலை ஊன்றாமல் நடந்தது. என்னை அடையாளம் கண்டோ என்னவோ, தலையை நிமிர்த்தியது. இன்னும் கொஞ்சம் பொறு என்று அதற்குச் சொன்னேன். என் காரியத்துக்கு அதன் காலைக் கடன் வாங்குகிறேன் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டு கிழமை கழித்துத்தான் அந்த இலக்கத்தை அழுத்தினேன். மறுநாள் ஒரு பெண் பரிசோதகர் வந்தாள். என்னையும் கடைக்குக் கூப்பிட்டாள். றொன்னின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"சிவா, சொல்லு இவளுக்கு. நான் டியூக்கை எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும்தானே? உனக்கு வேலை தந்தவன் நான்."

"ஐ ஒன்லி கிளீன் த ஃப்ளோர்" என்றேன்.

அதன் பிறகு அவனுக்குக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், பல்ப், குறடு, நான் சொன்னது, அவன் சொன்னது. எவ்வளவு இனித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இனித்தது. பரிசோதகர் எழுதிக்கொண்டே, "விரலை எப்போது முதலில் கண்டீர்கள்? ஏன் அப்போதே அழைக்கவில்லை?" என்று கேட்டாள். "மை இங்கிலிஷ் நொட் குட்" என்றேன். அவள் பரிவோடு தலையசைத்தாள். இந்த நாட்டுக்கு வந்து என் மோசமான ஆங்கிலம் என்னைக் காப்பாற்றியது அந்த ஒருமுறைதான்.

டியூக்கைக் கொண்டுபோனார்கள். றொன்னுக்கு ஊர்வன விற்கத் தடை வந்தது. கதை பரவி, கோடைக்கு முன்னமே கடையில் பூட்டுத் தொங்கியது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை மலரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பஸ் தரிப்பிலேயே நின்றுகொண்டாள்.

டியூக்கைக் கொண்டுபோன கிழமையே அதைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே மிருக வைத்தியர் வயதான மனிதர். டியூக்கின் இரண்டு விரல்களையும் வால் நுனியையும் வெட்டி எடுத்த பிறகு என்னிடம் சொன்னார்: "இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் ஊறவைத்தே கழற்றியிருக்கலாம். ஒன்றும் போயிருக்காது." நான் கதையை மாற்றி, ஊரில் மிருக வைத்தியரிடம் வேலை செய்ததைச் சொன்னேன். தினமும் தண்ணீரில் விட்டுப் பராமரிக்க ஆள் வேண்டும், உங்களுக்குத் தெரிந்த வேலைதானே என்றார். மாட்டேன் என்று சொல்ல முடியாமல் டியூக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"உந்த உடும்பை எங்கை வைக்கப் போறியள்?" என்று மலர் கத்தினாள். குளியலறைக்குப் பக்கத்து அலுமாரியை அவளே பிறகு காலி பண்ணித் தந்தாள். றொன் மீது எனக்கு இன்றும் இரக்கம் வரவில்லை. ஆனால் அவன் குறட்டால் செய்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தே செய்தேன்.

நேற்று வன்னியிலிருந்து தம்பியின் கடிதம் வந்தது. எழுதி மூன்று மாதம். இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே இருக்கிறார்கள். 'போன கிழமை ஓர் உடும்பு அகப்பட்டது அண்ணை. ஆறு பேர் வயிறாரச் சாப்பிட்டோம். பிள்ளைகள் கன நாளைக்குப் பிறகு சிரித்தார்கள். நீங்கள் அங்கை என்ன வேலை செய்யிறியள்?'

டியூக்கைத் தொட்டியில் விட்டிருந்த நேரம் அது. தலை தண்ணீருக்குள் போகாமல் தாடையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு குந்தியிருந்தேன். மற்றக் கையில் கடிதம். தண்ணீர் தெறித்து மை கரைந்துவிடாதபடி அந்தக் கையைத் தூரத்தில் நீட்டிப் பிடித்தேன். டியூக் மூன்று விரல் காலைத் தூக்கி என் மணிக்கட்டில் வைத்தது. ஒரு கை நனைந்தபடி, ஒரு கை நனையாதபடி, அரை மணி நேரம் முடியும்வரை அப்படியே இருந்தேன்.