புழு வீட்டுக்கு வந்த புது ஜன்னல்

"புகையிலையை வெளிய வெச்சிட்டு வாங்க" என்று நான் சொன்னதில்தான் அன்றைய வம்பு தொடங்கியது.

"ஏம்மா, ஜன்னல் வெக்கத்தான கூப்ட்டீங்க? கோயில்ல பூசை பண்ணவா?" என்றார் கொத்தனார்.

"உள்ள பட்டுப்புழு இருக்குதுங்க. புகையிலை வாடை பட்டாலே பச்சையாக் கக்கிட்டுச் செத்துப்போவும். வாயக் கொப்பளிச்சி, கைய நல்லாத் தேச்சிக் கழுவிட்டு வாங்க."

கெலமங்கலத்திலிருந்து வெயிலில் நடந்து வந்த மனிதர். பொட்டலத்தைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு, பெற்ற பிள்ளையைப் பிரிகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனேக்கல் பக்கம் புழு வளர்க்கிற வீட்டில் பிறந்தவள் நான். இந்த விஷயத்தில் யாருக்கும் பயந்தது கிடையாது, என் மாமனார் ஒருவரைத் தவிர.

அவர் ராகி மனிதர். "களி கிண்ட ஆகாததெல்லாம் ஒரு பயிரா?" என்பார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் நச்சரித்து நச்சரித்து, கிணற்றடியில் கொஞ்சம் மல்பெரி வைக்க விட்டார். முதல் முறை வளர்த்த புழு அத்தனையும் புழுக்கம் தாங்காமல் செத்துப்போனது. அறையில் இருந்தது ஒரே ஜன்னல். அதுவும் கரையான் அரித்து, கதவு இறுகி, திறக்கவே திறக்காது. கூடை கூடையாக வாரிக் கொட்டினேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

"இந்த வாட்டியும் போச்சின்னா செடியப் புடுங்கிட்டு ராகி வெதச்சிருவேன். அப்பறம் என்னைக் கேக்கக் கூடாது," என்று மாமனார் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் உடனே ஆசாரியிடம் பெரிய ஜன்னலாக ஒன்று செய்யச் சொன்னார். ஆனால் அந்த ஆசாரி இருக்கிறாரே, இன்று நாளை என்று இழுத்தடித்து, அடுத்து வாங்கிய புழு மூன்றாம் ஜுரம் தாண்டிய பிறகுதான் அனுப்பினார். புழு தின்பதை நிறுத்தித் தோலுரிக்கப் படுத்துக்கொள்வதைத்தான் நாங்கள் ஜுரம் என்போம். நாலாம் ஜுரத்தில் படுத்துவிட்டால் தட்டு அசையக் கூடாது, சுவர் அதிரக் கூடாது. அது மறுநாளே வந்துவிடும் போலிருந்தது. ஆகவே எல்லாம் அன்று ஒரே பகலுக்குள் முடிந்தாக வேண்டும்.

மூங்கில் தட்டுகளை அறையின் கோடிக்கு நகர்த்தி, குறுக்கே ஈர வேட்டிகளைக் கட்டித் தூசியை மறித்தேன். பழைய சட்டத்தை இடித்து எடுக்கக் கூடாது, நடுவில் ரம்பத்தால் அறுத்து, துண்டு துண்டாக உள்பக்கம் உருவ வேண்டும் என்று காலையிலேயே பேசிவைத்திருந்தோம். கொத்தனாரும் நிதானமாகத்தான் ஆரம்பித்தார். பொழுது ஏற ஏற அவருக்கு வாய் நமநமத்தது. கொட்டாவி விட்டார், கிணற்று மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் பொறுமை போய், பாதி அறுத்த சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு!

சட்டம் வந்தது. கூடவே சுவரும் வந்தது.

மண் சுவர்தானே! பொலபொலவென்று சரிந்து, கன்றுக்குட்டி புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை. "அய்யய்யோ!" என்று கத்தியே விட்டேன்.

"புகையிலை ஒரு வாய் போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று கொத்தனார் என் பக்கமே திருப்பினார். எப்படி இருக்கிறது கதை!

புதுச் சட்டத்தைச் சுவரோடு பிடித்துக்கொள்ள, பக்கத்துக்கு மூன்றாக இரும்புக் கிளாம்பு அடித்திருந்தது. ஓட்டை அகன்றுவிட்டதால் அவை நல்ல சுவரை எட்டவில்லை. செங்கல் வைத்து அடைத்து, பத்து நாள் காய விட்டுத்தான் ஜன்னல் நிறுத்தலாம் என்றார் கொத்தனார். பத்து நாளா! அதுவரை அந்த ஓட்டை வழியாக எலி வரும், பல்லி வரும், ராத்திரிக் குளிர்காற்று வரும். என் புழு என்ன ஆவது?

"கிளாம்பு நீளமா இருந்தா இன்னிக்கே நிறுத்திரலாம். இரும்புக்கு எங்க போறது?" என்றார் என் வீட்டுக்காரர்.

மாட்டுக்கொட்டகை ஆணியில் பழைய வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டா ஒன்று தொங்கியது. மாமனார் முதன்முதலாக வாங்கிய வண்டியுடையது. அதை ஒருவரும் தொடக் கூடாது. நாங்கள் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. திண்ணையிலிருந்து அவரே எழுந்து போய்க் கழற்றி, மகன் காலடியில் தொப்பென்று போட்டார்.

"என்னாடா பாத்துக்கினு நிக்கற? சைக்கிள எடு. செவுத்துல இம்மாம் பெரிய ஓட்டைய வெச்சிக்கினு ராத்திரி எவன் தூங்கறது?"

கெலமங்கலத்துக் கொல்லர் அதை நீள நீளமாக வெட்டி, நுனியைப் பிளந்து மீன் வால் போல விரித்துக் கொடுத்தார். அதற்குள் கொத்தனார் கிணற்று மேட்டில் ஒரு வாய் போட்டுத் துப்பி, நான் விரட்டிய விரட்டில் மறுபடி வாய் கொப்பளித்து, கை கால் கழுவி, புது மனிதராக வந்து நின்றார். சுத்தியலே எடுக்காமல் கடப்பாறை முனையால் நல்ல சுவரில் குழி பறித்தார். சட்டத்தைத் தூக்கி நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மர ஆப்புகளைக் கையால் செருகினார். கிளாம்புகளைக் குழிக்குள் விட்டு, சில்லுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்து இறுக்கினார். சுற்றிலும் செங்கல் கட்டி இடைவெளியை அடைத்தார். காரை இறுகும்வரை ஜன்னல் கதவை மாட்டக் கூடாது என்றார். அந்த இடத்தில் நான் ஈரக் கோணியைத் தொங்கவிட்டேன்.

அடடா, அந்த முதல் காற்று! தளி மலைப்பக்கமிருந்து ஜில்லென்று கோணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அந்த அறைக்குள் அதுவரை அப்படி ஒரு காற்றை நான் கண்டதே இல்லை. தூசியும் சுண்ணாம்புமாக நின்றுகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

மறுநாள் புழுக்கள் தலையைத் தூக்கியபடி படுத்தன. நான் தட்டுகளையே சுற்றிச் சுற்றி வந்தேன். முந்தின முறை இந்தப் படுக்கையிலிருந்துதான் அவை எழாமலே போயின. விடிகாலையில் போய்ப் பார்க்கிறேன், முதல் தட்டு நெளிகிறது! அடுத்த தட்டு, அதற்கடுத்தது, எல்லாமே! "எந்திரிச்சிருச்சி! எந்திரிச்சிருச்சி!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே விழித்துக்கொண்டது.

அப்புறம் என்ன பசி, என்ன தீனி! போட்ட இலை போட்ட வேகத்தில் காம்பாக நின்றது. நாலாவது நாளே கிணற்றடிச் செடி மொட்டையாகிவிட்டது. இலை இல்லையென்றால் கூடு கட்டாமலே சாகும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மாமனார் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். உடனே வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்.

உச்சி வெயிலில் உத்தனப்பள்ளியிலிருந்து வண்டி நிறைய மல்பெரி இலையோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் வசவு.

"வாயில்லாப் பூச்சி பட்டினி கெடக்குது! எவன்டா அந்தக் கெணத்தடியில இத்துணூண்டு செடி வெக்கச் சொன்னவன்?"

"நீங்கதாம்ப்பா," என்றார் என் வீட்டுக்காரர்.

மாமனார் இலைக்கட்டை என் கையில் கொடுத்தார்.

"ராகிக் கொல்லையில பாதிய எடுத்துக்கோம்மா," என்றார்.