ஒட்டகச்சிவிங்கிக்குத் தலைவாரும் மேசை

அந்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர் ஜூக்காரி. வேலை பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. கைப்பையில் ஒரு நீல நோட்டு. அதைத் திறந்தால் மிருகக்காட்சிசாலைதான்; அவள் குறித்துவைத்த பிரெஞ்சுச் சொலவடைகளில் ஒரே காட்டு மிருகங்கள். நமக்கு யானைப் பசி என்றால் பிரெஞ்சுக்காரருக்கு ஓநாய்ப் பசி. திடீரென்று சுறுசுறுப்பானவர் சிங்கத்தைத் தின்றவர். சிடுமூஞ்சி என்றால், தாய் சரியாக நக்கி வளர்க்காத கரடி.

அந்தக் கரடியிடம்தான் அவள் ஒருமுறை சூடு பட்டாள். வேறொரு கம்பெனியில், சரக்கு வாங்க வந்த அதிகாரி ஒரு மேஸ்திரியை அப்படிச் சொல்ல, இவள் "கண்டிப்பானவர்னு சொல்றார்" என்று சர்க்கரை தடவிவிட்டாள். மேஸ்திரி சிரித்துத் தலையாட்டினார். மறுவாரம் அந்த மேஸ்திரியை வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். திட்டியது தெரிந்திருந்தால் மனிதர் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பார் அல்லவா? அன்றிலிருந்து சர்க்கரையும் கிடையாது, மிளகாயும் கிடையாது. வந்தது வந்தபடி.

இங்கே அதற்குச் சோதனை வந்தது. கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் புது மெஷினைப் பார்வையிட வந்த பிரெஞ்சு அதிகாரி, கடைசி மேசையருகே நின்றார். அங்கே மூன்று பெண்கள் கையுறைகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவள் ஜூக்காரியின் அண்ணி. அதிகாரி உதட்டைச் சுழித்து ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் சூப்பர்வைசர். சுற்றிலும் நாற்பது பேர். மேசை போனால் அண்ணியின் வேலையும் போகும்.

"மெஷின் இருக்குறப்போ இந்த மூணு பேரும் எதுக்கு, வெட்டி வேலையான்னு கேக்குறார். ஒட்டகச்சிவிங்கிக்குத் தலைவாருறாங்களான்னு."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அண்ணிக்கு மூக்கு விடைத்தது.

"அடிப்பாவி! ஒரே சட்டியில சாப்பிட்டுட்டு, இதையும் வாய் கூசாம சொல்றியா?"

"அவர் கேட்டதைச் சொன்னேன் அண்ணி. நீங்க திருப்பிக் கேளுங்க, அதையும் அப்படியே சொல்றேன்."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லு. மெஷின் பாஸ் பண்ணின பெட்டியில அவர் கையாலயே பத்து எடுக்கச் சொல்லு."

ஜூக்காரி யானையை யானையாகவே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதிகாரி புருவத்தை உயர்த்தி, பத்தை உருவினார். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு நிமிடம். ஏழாவது கையுறையில், கட்டைவிரல் இடுக்கில், ஒரு முத்து திரண்டது. சொட்டியது. இன்னொன்று.

"ஆபரேஷன் பண்ற டாக்டர் விரல் அங்கதான் இருக்கும். அதையும் சொல்லு," என்றாள் அண்ணி.

சொன்னாள். அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சூப்பர்வைசரிடம் இரண்டே வார்த்தை பேசினார்.

"மேசை இருக்கட்டும்ங்குறார்," என்றாள் ஜூக்காரி.

அண்ணி அதற்குள் அடுத்த கையுறையைக் குழாயில் மாட்டியிருந்தாள். "வெளிச்சத்தை மறைக்காம தள்ளி நில்லுடி. ஒட்டகச்சிவிங்கிக்கு இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு."