வாசலில் ஒரு வாளி

மெரினாவில் போலீஸ் குதிரை ஒன்று வாளித் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குச் சின்ன வயசில் எங்கள் வாசலில் இருந்த வாளி ஞாபகம் வந்தது.

நாடு பிரிந்த வருஷம், தி.நகரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு சர்தார்ஜி குடிவந்தார். தினமும் சாயங்காலம் வாசலில் ஒரு வாளி தண்ணீர் வைப்பார்.

"குதிரைகூட இல்லையே, யாருக்கு மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

திக்கித் திக்கித் தமிழில் சொன்னார்: "எங்க முப்பாட்டன் மாடு மேய்ச்சவர். 'உன் வம்சத்துக் குதிரைங்க இந்த ஆத்துத் தண்ணி குடிக்கும்'னு ஒரு குரு வாக்குக் கொடுத்தார். அப்புறம்தான் படை சேர்ந்தது, ராஜா ஆனோம். இப்ப அந்த ஆறு பாகிஸ்தான்ல. குதிரைங்க தாகத்தோட எங்களைத் தேடி வரும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் டெல்லிக்குப் போன மறுநாள் சாயங்காலம், தெருவில் ஒரு ஜட்கா வண்டிகூட இல்லை. குளம்புச் சத்தம் மட்டும் எங்கள் வாசலில் வந்து நின்றது. அம்மா எழுந்து போய் வாளியை நிரப்பினாள்.

"பாவம், அவர் போனது அதுக்குத் தெரியாதுடி."