பாதிப் பெயரில் நின்ற பாதை

இன்று அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்தார்கள். உறையைப் பிரித்ததும் பிளாஸ்டிக் வாசம் வந்தது. கூடவே டீசல் வாசமும் வர வேண்டுமே என்று மூக்கு தேடியது. சிரிக்காதீர்கள், என் முதல் கம்ப்யூட்டர் அப்படித்தான் மணத்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, சேலத்தில் அதை வாங்கி, கேபினில் தான் போர்த்திப் படுக்கும் போர்வையில் சுற்றி, மல்லசமுத்திரத்துக்குக் கொண்டுவந்தார்.

கடையில், "யூசர் பேரு என்னங்க போடறது?" என்று கேட்டிருக்கிறார்கள். யூசர் என்றால் யாரென்று அப்பாவுக்கு எங்கே தெரியும்? "எங்க சாமிக்குத்தானுங்க வாங்கறேன்" என்றாராம். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்காரர் அதையே ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி விட்டு, 'எங்க சாமி' என்று பதிந்துவிட்டார். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரிப்பார்.

படிப்பு முடிந்து வேலை தேடியபோது, ஒரு கம்பெனி மாதிரிக்கு ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். எழுதியதெல்லாம் சரி, எடிட்டரில் பில்ட், அதாவது நிரலை ஓட வைக்கும் கட்டளை, கொடுத்தால் ஓடவில்லை. கோப்பு இருக்கும் பாதையில் யூசர் பெயரும் வரும். அதைப் படித்துக்கொண்டே வந்த கட்டளை, பெயரின் நடுவில் இருந்த இடைவெளியைக் கண்டதும் பாதை முடிந்ததென்று நின்றுவிட்டது. 'எங்க' என்று எதுவும் தனக்குத் தெரியாது என்றது. போனை எடுத்தேன்.

பெங்களூரில் இருந்த தோழி பானு போனில், "கேப் இல்லாம வேற யூசர் போட்டுக்கடி. பழசத் தூக்கிரு" என்றாள்.

அன்று அப்பா வீட்டில்தான் இருந்தார். பின்னால் நின்று கேட்டுவிட்டார்.

"பேரு எடஞ்சலா இருந்தா அழிச்சுப்போடு சாமி. வேலதான் முக்கியம்."

"இருங்கப்பா, பாக்கறேன்."

அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதன்பிறகு அழிக்க மனம் வரவில்லை. வீம்புதான். பில்ட் கட்டளை எழுதியிருந்த கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். பாதை முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் வைத்தால் இடைவெளியையும் சேர்த்தே படிக்குமாம். வைத்தேன். ஓடியது. அப்பா அப்பால் போய்த் துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்.

அந்த நிரலால் கிடைத்த வேலைதான் இது. கம்ப்யூட்டர் பிறகு ஒரு கோடை இடியில் போயிற்று. போன ஐப்பசியில் அப்பாவும் போய்விட்டார்.

புது லேப்டாப்பில் என் யூசர் பெயர் ஓர் எழுத்தும் சில எண்களும்தான். பில்ட் முதல் தடவையே ஓடிவிட்டது. பக்கத்து இருக்கைப் பெண் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"பாதையில கேப்பே இல்லியேக்கா, எதுக்குக் கொட்டேஷன் போட்டீங்க?"

"முன்ன இருந்துச்சு" என்றேன். எங்க சாமி என்று கூப்பிட இப்போது ஆளில்லை என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.