பள்ளி திறக்கும் நாளில் கலையரசி டீச்சர்

முழங்கால்கள் இரண்டும் சடக்கென்று சொடுக்க, கலையரசி டீச்சர் பள்ளிக்கூட கேட்டருகே மண்தரையில் குந்துகிறார். எதிரே நிற்பவனுக்கு ஐந்து வயது. முகம் முழுக்கப் பவுடர். அதில் கண்ணீர் இறங்கிய இரண்டு கோடுகள்.

"வாங்க சார். நேத்து நல்லா தூங்குனீங்களா?"

அழுகை சட்டென்று நிற்கிறது. அவனை இதுவரை யாரும் சார் என்று அழைத்ததில்லை. பின்னால் நிற்கும் அம்மா அவனுக்காகப் பதில் சொல்ல வாயெடுக்க, டீச்சரின் கை உயர்கிறது. "நீ இரும்மா. நான் சார்கிட்ட பேசிக்கினு இருக்கேன்."

அந்த 'சார்' என் தங்கை பானுப்ரியாவின் மகன். மயிலம் மலை தூரத்தில் தெரியும் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் தங்கை. மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காததால், பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கத் துணைக்குப் போனவன் நான். போன இடத்தில் பையனை மறந்துவிட்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமை ஆசிரியர் அவர். திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். வண்டியின் முன்புறம் ஒரு பெரிய தூக்குவாளி. அதில் மல்லாட்டை, ஓட்டோடு அவித்த வேர்க்கடலை, இன்னும் சூடு ஆறாமல். பூவும் சாக்லெட்டும் கொடுத்து வரவேற்கும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. "பூவ குடுத்தா கசக்கிப் போட்டுட்டு மறுபடி அழுவும். சாக்லெட்டு வாய்க்குள்ள போன ஒடனே தீந்துடும். மல்லாட்டைன்னா உரிக்கிற வேலை இருக்குது பாருங்க, அழுவுறதுக்குக் கை ஒழியாது." திரும்பிப் பார்த்தேன். புதிதாய் வந்த பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுதுகொண்டிருந்தது என் தங்கை மட்டும்தான். அவளுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார் டீச்சர்.

குறை என்று சொன்னால், யாரையும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விடமாட்டார். நம் வாயிலிருந்து பாதியைப் பிடுங்கி மீதியை அவரே முடித்துவிடுவார். அது பெரும்பாலும் நாம் சொல்ல வந்ததாக இருக்காது. "ஜல்தி ஜல்தி" என்று எல்லாரையும் விரட்டுவார். பெற்றோரையும் வகுப்புக்குள் தள்ளிக்கொண்டு போய்க் குட்டி பெஞ்சுகளில் உட்கார வைப்பார். முதல் நாள் ஒரு மணி நேரம் அவர்களும் ஒன்றாம் வகுப்புதான். தப்பிக்கப் பார்ப்பவர்களுக்கு, "உங்க புள்ள நாள் பூரா உக்காரப் போற எடம். எப்படி இருக்குதுன்னு பாத்துட்டுப் போங்க" என்பார்.

அன்று அப்படி எல்லாரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தபோதுதான் அதே ஊர்க்காரி வேணி வந்தாள். கையைப் பிடித்தபடி மகள் சங்கவி. டீச்சர் குந்தி, "வாங்க மேடம்" என்றார். மேடம் அவரைப் பார்க்கவில்லை. திரும்பி, ரோட்டுக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் பைக் மேல் சாய்ந்து நின்றவரையே பார்த்தாள்.

"அப்பாவா? உள்ள வரச் சொல்லு."

வேணி குரலைத் தாழ்த்தினாள். "அவரு வரமாட்டாரு டீச்சர். புள்ளையே இங்க வேணாம், எங்கம்மா ஊட்ல வுட்டுப் படிக்க வைக்கலாம்னு ஒரே பேஜாரு பண்ணிக்கினு இருக்காரு. அஞ்சு வயசுப் புள்ளைய எப்படி டீச்சர் வுட்டுட்டு இருக்கிறது? நான்தான் அழுது இழுத்துக்கினு வந்தேன்."

டீச்சர் தூக்குவாளியை என் கையில் திணித்துவிட்டு ரோட்டைத் தாண்டினார். குறுகலான ரோடு; பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டது.

ஆரோக்கியராஜ் என்று பெயர் சொன்னார் அவர். புதுச்சேரி வரை போய்த் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்.

"உள்ள வாங்க தம்பி."

"இருக்கட்டும் டீச்சர். நீங்க பாருங்க."

"இந்த ஸ்கூல்லதான் படிச்சீங்களா?"

"நாலாவது வரைக்கும்." கொஞ்ச நேரம் பைக்கின் கண்ணாடியைத் துடைத்தார். "படிச்சதவிட பெருக்குனதுதான் அதிகம் டீச்சர். கக்கூஸு நாறுச்சுன்னா எங்க தெருப் பசங்களத்தான் கூப்புடுவாரு அப்ப இருந்த சாரு. மத்த பசங்க கணக்கு போட்டுக்கினு இருப்பானுங்க. நாங்க பக்கெட்டத் தூக்கிக்கினு போவோம். ஒரு நாளு மாட்டேன்னேன். அன்னிக்கு அடிச்ச அடியில..." அவர் நிறுத்திக்கொண்டார். "அன்னிக்கு அந்த கேட்ட வுட்டு வெளிய வந்தவன்தான். அப்பறம் உள்ள கால வைக்கல."

யாரையும் முடிக்க விடாத கலையரசி டீச்சர், அவர் முடித்த பிறகும் பேசவில்லை. காலம் மாறிவிட்டது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதையும் சொல்லவில்லை.

"அது அநியாயம் தம்பி," என்றார் கடைசியில். "அப்ப நான் இல்ல. ஆனா இப்ப இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. அதனால நான் மன்னிப்புக் கேக்குறேன்."

"ஐய, நீங்க எதுக்கு டீச்சர்?"

"வேற யாரு வந்து கேப்பாங்க?"

ஆரோக்கியராஜ் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார். "இப்ப யாரு கழுவுறாங்க?"

"பஞ்சாயத்துலருந்து ஒரு அம்மா சம்பளத்துக்கு வர்றாங்க. அவங்க வராத அன்னிக்கி நானும் இன்னொரு டீச்சரும்."

"புள்ளைங்க?"

"எந்தப் புள்ள கைக்கும் தொடப்பம் போவாது. என் பேச்ச நம்ப வேணாம். என்னிக்கு வேணா வாங்க, சொல்லாம வாங்க, கண்ணால பாருங்க. புடிக்கலன்னா புள்ளையக் கூட்டிக்கினு போங்க, நான் தடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான். மறுபடி வரச்சொல்லிக் கெஞ்சவில்லை. திரும்பி வந்து, சங்கவியின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். வாளியோடு நானும் பின்னால் போனேன்.

வகுப்பறையில் பெரியவர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரும் அவர்களுக்கு நடுவே ஒரு குட்டி பெஞ்சில் அமர்ந்தார். "சாயங்காலம் புள்ள வந்ததும் என்ன படிச்சேன்னு கேக்காதீங்க. யார் பக்கத்துல உக்காந்தேன்னு கேளுங்க. எங்க ஸ்கூல்ல தினம் எடம் மாத்துவேன். இன்ன தெரு, இன்ன ஊடுன்னு பாக்க மாட்டேன்."

சீனுவாசன் என்ற விவசாயி, மகனை மடியில் வைத்திருந்தவர், இடைமறித்தார். "எல்லாம் சரி டீச்சர், ஊரு வழக்கம்னு ஒன்னு..."

வழக்கம்போல டீச்சர் மீதியைப் பிடுங்கிக்கொண்டார். "இருந்துச்சு. இதே ஸ்கூல்ல சில புள்ளைங்க கணக்கு போட்டாங்க, சில புள்ளைங்க கக்கூஸு கழுவுனாங்க. நீங்களும் இங்கதான படிச்சீங்க? பாத்திருப்பீங்களே."

சீனுவாசன் மகனின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தார். பிறகு, "பாத்தேன்" என்றார், தரையைப் பார்த்து. டீச்சர் அவரை மேலே கிண்டவில்லை. காலை உணவு எத்தனை மணிக்கு, சீருடை எப்போது வரும் என்று பேச்சைத் தொடர்ந்தார்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு, கதவு நிலையைப் பிடித்தபடி ஆரோக்கியராஜ் நின்றிருந்தார். உள்ளே வருவதா திரும்புவதா என்று அவருக்கே தெரியாத நிலை.

கலையரசி டீச்சர் பேச்சைப் பாதியில் விட்டார். வாங்க என்று சொல்லவில்லை. இரு கைகளையும் பெஞ்சில் ஊன்றி எழுந்தார். ஆரோக்கியராஜ் ஒவ்வொரு அடியாக உள்ளே வந்து, மகள் பக்கத்தில் காலை மடக்கி உட்காரும்வரை, அப்படியே நின்றுகொண்டிருந்தார்.