படகுத்துறையில் அளந்த வயிறு

எங்கள் பினோங்கோத் தீவில் வா சரிபாவைத் தெரியாதவர்கள் இல்லை. பெயருக்கு முன்னால் பெண்களுக்கு வா, ஆண்களுக்கு லா என்று சேர்ப்பது எங்கள் வழக்கம். கணவன் லா மந்து உலையில் அடித்துக் கொடுக்கும் அரிவாள்களுக்குக் கூர் தீட்டிக் கைப்பிடி போடுபவள். நாக்கும் அதே கூர்மைதான். பேரம் பேச வந்த வியாபாரிகள் பலர் வாயைத் திறக்காமலே காசை வைத்துவிட்டுப் போனதுண்டு.

அப்படிப்பட்டவள் கடலுக்கு மட்டும் பயந்தாள்.

அவளுடைய அக்கா பிரசவ வலியோடு பெரிய தீவின் மருத்துவமனைக்குப் போகும் வழியில் நடுக்கடலில் கண்ணை மூடினாள். அப்போது அக்காவின் தலை சரிபாவின் மடியில்தான் இருந்தது. அதன்பின் சரிபா எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை.

கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து, அவள் வயிற்றில் ஒரு உயிர் தங்கியது. மாமியார் வா அம்பேக்குத் தலைகால் புரியவில்லை. மருமகள் பரிசோதனைக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, பெரிய இளநீராகச் சீவிக் கொடுப்பாள். இளநீர் குடித்தால் பிள்ளை பளபளவென்று பிறக்கும் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. ஒரு சொட்டு மிச்சம் வைத்தாலும் மாமியார் விடமாட்டாள்.

சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி ரோஸ்தினா நாடாவை எடுப்பாள். அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதில் பன்னிரண்டைக் கழித்து, மீதியை நூற்று ஐம்பத்தைந்தால் பெருக்குவாள். குழந்தையின் எடை ஏறக்குறையக் கிராமில் வந்துவிடும். அளக்கும் முன்பு, "ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா?" என்று மறக்காமல் கேட்பாள். சரிபாவும் தலையாட்டுவாள். ஆனால் போயிருக்கமாட்டாள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைக் கடக்க வேண்டும். ஊரையே வாயடைக்க வைப்பவளுக்கு அந்தப் பெஞ்சைக் கடக்க மட்டும் கூச்சம்.

நாள் நெருங்கியபோது நாடா முப்பத்தெட்டைக் காட்டியது. ரோஸ்தினாவின் முகம் வாடிவிட்டது.

"நாலு கிலோவைத் தாண்டுது சரிபா. முதல் பிரசவம் வேற. தோள் மாட்டிக்கிச்சுன்னா அறுத்து எடுக்க இங்க வசதி இல்ல. நீ பெரிய தீவுக்குப் போயே ஆகணும்."

"அறுக்கத்தானே இபு? எங்க வீட்டுல கத்திக்கா பஞ்சம்?"

இபு என்று மரியாதையாக அழைக்கப்பட்ட மருத்துவச்சி சிரிக்கவில்லை. சிரித்த சரிபாவின் கண்களும் சன்னலுக்கு வெளியே கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டில் மாமியார், தங்கள் வம்சத்தில் எல்லாமே மலை மாதிரிப் பிள்ளைகள்தான் என்று முதலில் பெருமையடித்தாள். படகு என்ற சொல் காதில் விழுந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். லா மந்து அன்று உலை மூட்டவில்லை. போக வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்ல மனம் வரவில்லை. முடிவெடுத்தவள் சரிபாதான். தன் பயத்துக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, துணிகளை மூட்டை கட்டினாள்.

மேற்குக் காற்று வீசும் மாதம். படகுத்துறையில் அலை படிக்கட்டைத் தாண்டி அடித்தது. வழக்கம்போல் அன்றும் இளநீர் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் சரிபா. துணைக்கு வந்த ரோஸ்தினா, படகில் கழிப்பறை கிடையாது, துறைக்காரர் வீட்டில் போய்விட்டு வா என்று அனுப்பினாள். சரிபா போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது.

மிதவைச் சட்டையை அவளுக்குக் கட்டிவிடக் குனிந்த ரோஸ்தினாவின் கை, வயிற்றின் மேல் அப்படியே நின்றது. கருப்பையின் உச்சி இருந்த இடத்தில் இல்லை. இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

"உண்மையச் சொல்லு சரிபா. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா கருப்பையை மேல தள்ளிடும். இத்தனை நாளா நான் அளக்கறதுக்கு முன்னாடி நீ போனதே இல்லையா?"

சரிபா தலைகுனிந்து, அந்தப் பெஞ்சைப் பற்றி முணுமுணுத்தாள்.

பெண்கள் தங்கள் சாரோங் துணியைத் திரையாகப் பிடிக்க, துறையின் சரக்குக் கொட்டகையிலேயே அவளைப் படுக்கவைத்து அளந்தாள் ரோஸ்தினா. முப்பத்தைந்து. நம்பாமல் மறுபடியும் அளந்தாள். அதே முப்பத்தைந்து. பிள்ளையின் தலை சரியாக இருக்கிறதா, துடிப்பு சீராக இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தாள்.

"மூணரை கிலோதான் இருக்கும். மிச்சமெல்லாம் உங்க அம்மா குடுத்த இளநீர்" என்றாள் லா மந்துவிடம். "சுமையை இறக்குங்க. பிரசவம் இங்கதான். பார்த்துக்க நான் இருக்கேன்."

"இளநீருக்கா இடம் ஒதுக்கி வச்சேன்?" என்று படகுக்காரர் முனக, அழுதுகொண்டிருந்த மாமியாரே சிரித்துவிட்டாள். லா மந்து மட்டும் மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் விம்மி விம்மி அழுதான்.

சில நாள் கழித்து, ஒரு காலையில் வலி கண்டது. அன்று கடல் கொதித்த கொதிப்பில் எந்தப் படகும் துறையை விட்டு நகரவில்லை. சரிபா போட்ட சத்தம் கொல்லர்கள் வாழும் உலைத் தெருவின் கோடி வரை கேட்டது. உச்சி வெயிலில் பெண் குழந்தை பிறந்தது. ரோஸ்தினா அதைத் தராசுத் தொட்டிலில் போட்டுத் தூக்கினாள். முள் மூன்று கிலோ அறுநூறில் நின்றது. மருத்துவச்சி குழந்தையைத் தாயின் மார்பில் கிடத்திவிட்டு, தன் கணக்கு தப்பவில்லை என்ற நிம்மதியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்ட லா மந்துவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. பட்டறைக்கு ஓடி, வெறும் பட்டடையைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தான். எதிர்ப் பட்டறையும் அடித்தது. பிறகு தெரு முழுக்க, அலைச் சத்தமே அமுங்கிப் போகும்படி இரும்பு முழங்கியது.

பச்சைப் பிள்ளை பயந்துவிடுமே என்று ரோஸ்தினா சன்னலைச் சாத்தப் போனாள். சரிபா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாத்தாதீங்க இபு. என் பொண்ணு கேக்கட்டும்."